ஓரம் ஒத்துப்போனால் ரயில் ஓடும்

முன்பின் பார்த்திராதவர்கள் தனித்தனியாக வீட்டில் செய்த பலகைகளை ஒரு மண்டபத்தில் கோத்து, அதன்மேல் டைம்டேபிள் போட்டு ரயில் விடுகிறார்கள். மாட்யூலர் மாடல் ரயில் என்கிற பெரிய கூட்டு வேலையைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

ஜெர்மனியில் ஒரு சிற்றூர். அங்குள்ள பள்ளியின் விளையாட்டு அரங்கு. வியாழக்கிழமை சாயங்காலம். கூடைப்பந்து வளையங்களைச் சுவரோடு மடக்கிவிட்டு, தரையில் காகித டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஜங்ஷன், அங்கே கிளைப்பாதை, அந்த மூலையில் துறைமுகம். வாசலில் வேன்கள் வந்து நிற்க, பலகைகள் ஜோடி ஜோடியாக இறங்குகின்றன. ஒன்றின் முகத்தை மற்றொன்று பார்க்கும்படி வைத்துத் திருகியிருப்பதால், வழியில் எது இடித்தாலும் உள்ளே இருக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும் சேதமில்லை.

ஒரு பலகையில் சர்க்கரைக்கிழங்கு வயல். அதோடு சேரவேண்டிய அடுத்த பலகையில் பிர்ச் மரத் தோப்பு. செய்த இருவரும் வேறு வேறு ஊர். ஒருவர் பலகையை மற்றவர் இதற்குமுன் கண்டதில்லை. கால்களைத் திருகி உயரத்தைச் சரிசெய்கிறார்கள். இரண்டு பலகைகளின் முனைகளும் ஒட்டி நிற்க, துளைகளில் போல்ட்டை நுழைத்துப் பட்டாம்பூச்சி நட்டைப் பாதி முடுக்குகிறார்கள். போல்ட்டைவிடத் துளை சற்றுப் பெரியது. பலகையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திக்கொள்ளத்தான் அந்த இடைவெளி. ஒருவர் குனிந்து, தண்டவாளம் சேரும் இடத்தில் விரல் நகத்தை வைத்து இழுக்கிறார். நகம் தட்டுகிறது. பலகையை லேசாகத் தட்டி மறுபடி இழுக்கிறார். இப்போது தட்டவில்லை. நட்டை இறுக்கிவிட்டு, ஒரு சரக்கு வேகனைக் கையால் தள்ளிவிடுகிறார்கள். வயலைத் தாண்டித் தோப்புக்குள் போய் நிற்கிறது. அடுத்த இணைப்புக்கு நகர்கிறார்கள்.

ஃப்ரெமோ என்ற அமைப்பின் சந்திப்பு எங்கே கூடினாலும் முதல் நாள் வேலை ஏறக்குறைய இப்படித்தான். 1981-ல் ஜெர்மனியில் தொடங்கிய அமைப்பு இது. ஐரோப்பா முழுக்க உறுப்பினர்கள். இரண்டு மூன்று நாள் ரயில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதே வடிவத்தில் அந்த ரயில்பாதை மறுபடி உருவாவதே இல்லை.

■ நடுவில் உங்கள் இஷ்டம்

ரயில் பொம்மைக்கு வயது அதிகம். 1891-ல் லைப்சிக் சந்தையில் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை, வரையறுத்த தண்டவாள அகலங்களோடு விற்பனைக்கு வைத்தது. பொம்மை, பெரியவர்களின் கைவேலையாக மாறியபோது ஒரு சிக்கல் வந்தது. ஒருவர் செய்த எஞ்சின் இன்னொருவர் தண்டவாளத்தில் ஏறினால் கவிழ்ந்தது. அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவு வகுத்து அதைத் தீர்த்தது.

அடுத்த சிக்கல் இடம். ஒழுங்கான ரயில் நிலையம் ஒன்றை அமைக்கவே ஒரு பெரிய அறை வேண்டும். வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார்? 1970-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஜிம் ஃபிட்ஸ்ஜெரால்ட், பென் டேவிஸ் உள்ளிட்ட சிலர் இதற்கு வழி கண்டார்கள். இரண்டடிக்கு நான்கடி பலகை. முன்பக்கம் மூன்று தண்டவாளங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அவற்றுக்குப் பெயர். தரையிலிருந்து உயரம் 40 அங்குலம். இதை மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டால், யார் செய்த பலகையும் யார் பலகையோடும் சேரும். என்-ட்ராக் என்று பெயரிட்டு 1974-ல் சான் டியேகோ மாநாட்டில் காட்டினார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்தது அந்த விதியின் தன்மையைத்தான். அது பலகையின் ஓரத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. நடுவில் பாலைவனம் வைக்கலாம், பனிமலை வைக்கலாம், உங்கள் தாத்தா வேலை பார்த்த ஸ்டேஷனை ஓடு மாறாமல் வைக்கலாம். ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஓரத்தில் மட்டும் ஒரு மில்லிமீட்டர்கூடச் சலுகை கிடையாது.

பின்னால் வந்த முறைகள் இந்தச் சுதந்திரத்தை இன்னும் விரித்தன. 1990-களில் கலிஃபோர்னியாவில் பிறந்த ஃப்ரீ-மோவிலும் ஐரோப்பாவின் ஃப்ரெமோவிலும் பலகைக்கு நீள அகலக் கட்டாயம்கூட இல்லை. வளையலாம், கோணலாக இருக்கலாம். ஆறு பலகை சேர்ந்து ஒரே ஸ்டேஷனாக இருக்கலாம். இரு முனைகளும் விதிப்படி இருந்தால் போதும். என்-ட்ராக்கில் ரயில் புறப்பட்ட இடத்துக்கே வட்டமடித்துத் திரும்பும். இவற்றில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும். பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் ரயிலுக்கு ஒரு போக்கிடம் கிடைத்தவுடன் விளையாட்டின் குணமே மாறிவிட்டது.

┌ பெட்டிச் செய்தி: அளவுக் கணக்கு

ஹெச்.ஓ: 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. நிஜத்தின் ஒரு கிலோமீட்டர் இங்கே 11.5 மீட்டர்.

என்: 160-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 9 மி.மீ. ஒரு கிலோமீட்டர் 6.25 மீட்டராகிவிடும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர். ஹெச்.ஓ-வில் அது 24.5 செ.மீ, என் அளவில் 13.3 செ.மீ.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 29 கி.மீ. இடைத்தூரத்தைச் சுருக்காமல் ஹெச்.ஓ-வில் அமைக்க 330 மீட்டருக்கு மேல் இடம் வேண்டும்.

உயரம்: என்-ட்ராக் 40 அங்குலம், ஃப்ரீ-மோ 50 அங்குலம், ஃப்ரெமோவில் தண்டவாளம் தரையிலிருந்து 1.3 மீட்டர்.
└

■ ஒரு வேகன் போகிற வழி

ஃப்ரெமோ அரங்கில் ரயில் சும்மா ஓடாது. எதற்காவது ஓடும். வயல்வெளி ஸ்டேஷனில் நிற்கும் ஒரு திறந்த வேகனை எடுத்துக்கொள்வோம். அதற்கென்று ஓர் அட்டை உண்டு. வேகன் எண், வகை, யாருடையது என்ற விவரங்கள் அதில் இருக்கும். அட்டையோடு ஒரு சரக்குச் சீட்டு: சர்க்கரைக்கிழங்கு, அனுப்புமிடம் இது, போய்ச்சேரும் ஆலை அது. அந்த ஆலை அரங்கின் மறுகோடியில், வேறொருவர் செய்துகொண்டுவந்த பலகையில் இருக்கிறது.

கிளைப்பாதைச் சரக்கு ரயில் வருகிறது. ஓட்டுநர் கையில் கன்ட்ரோலரோடு ரயிலின் கூடவே நடந்து வருகிறார். ஸ்டேஷன் மாஸ்டர் சீட்டைப் பார்த்து, எந்த வேகனைக் கழற்ற, எதை மாட்ட என்று சொல்கிறார். ஷன்டிங் தொடங்குகிறது. எஞ்சின் முன்னே போய், பாயிண்ட் மாற்றி, பின்னே வந்து, லூப் லைனில் நிற்கும் வேகனைத் தொட்டு இழுக்கவேண்டும். பின்னால் பயணிகள் ரயில் வரும் நேரத்துக்குள் மெயின் லைனை விட்டு விலகவும் வேண்டும். முடித்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்கு டெலிபோன் செய்கிறார். அரங்குக்குள் அவர்களுக்கென்றே ஒரு டெலிபோன் வலை உண்டு. லைன் கிளியரா என்று கேட்பதும், உண்டு அல்லது காத்திரு என்று பதில் வருவதும் நிஜ ரயில்வேயின் முறைப்படிதான். நம்மூரில் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற யாராவது அங்கே போய் நின்றால், மொழி புரியாமலே அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவார்.

சுவரில் ஒரு கடிகாரம். நிஜ நேரத்தைவிட அது சில மடங்கு வேகமாக ஓடும். காரணம் எளிது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் பத்து மீட்டர் பாதைதான் கிடைக்கிறது. ஹெச்.ஓ கணக்கில் அது 870 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனாலும் ரயில் ஒரு நிமிஷத்துக்குள் கடந்துவிடும். கடிகாரத்தை நான்கு மடங்காக்கினால் அதுவே மூன்றரை நிமிஷப் பயணம். இடத்தைச் சுருக்கியதற்கு நேரத்தைச் சுருக்கி ஈடுகட்டுகிறார்கள். டைம்டேபிள் போடுகிறவர் இதையெல்லாம் கூட்டிக் கழித்து, யார் யார் எந்தெந்தப் பலகை கொண்டுவருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, பல வாரம் உட்கார்ந்து எழுதுகிறார். இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் கடினமான, வெளியே தெரியாத வேலை அது என்பது என் எண்ணம்.

நம் வேகன் ஜங்ஷன் யார்டில் இறங்கி, வேறு ரயிலில் மாறி, சாயங்காலத்துக்குள் ஆலை வாசலில் போய் நிற்கும். ஆறேழு பேர் அதைக் கைமாற்றியிருப்பார்கள். அதில் பலர் அன்று காலைதான் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள்.

■ ஒருவர் தவறினால் எல்லோரும் நிற்கவேண்டும்

பழைய முறையில் தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றினார்கள். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சுவிட்ச் வைத்தார்கள். நூறு பலகை சேர்ந்த பாதையில் அத்தனை சுவிட்சையும் யார் கவனிப்பது?

டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறை வந்தபின்தான் பெரிய அமைப்புகள் மூச்சுவிட்டன. ஜெர்மனியில் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய முறையைத் தழுவி, 1990-களில் அமெரிக்கச் சங்கம் அதைப் பொதுத் தரமாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிறிய சிப். அதற்கு ஓர் எண். கன்ட்ரோலரில் அந்த எண்ணை அழைத்தால் அந்த எஞ்சின் மட்டும் கேட்கும். வெவ்வேறு நிறுவனங்கள் செய்தவையும் ஒன்றோடொன்று பேசும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. யாரோ ஒருவர் பாயிண்டைச் சரியாக மாற்றாமல் எஞ்சினை ஓட்டி, சக்கரம் இறங்கி ஷார்ட் ஆனால், அந்த மின் பகுதி முழுக்க நின்றுபோகும். அடுத்த ஸ்டேஷனில் ஷன்டிங் செய்துகொண்டிருந்தவர், தன் தவறு எதுவும் இல்லாமல், கன்ட்ரோலரைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அதனால் அரங்கைப் பல மின் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர் வைக்கிறார்கள். பலகைக்கு அடியில் தடித்த ஒயர், அங்கிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஈயம் பற்றவைத்த மெல்லிய ஒயர். அடிப்பக்க வேலை ஒழுங்காக இல்லாத பலகையை, மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் கூட்டத்தில் சேர்ப்பது கஷ்டம். புதிதாக வருகிறவருக்கு மூத்தவர்கள் முதலில் கற்றுத்தருவது மரம் செய்வதை அல்ல, பற்றவைப்பதை.

■ கயிற்றுக்கு வெளியே நிற்கிறவர்கள்

இதுவரை சொன்னது உறுப்பினர்கள் தங்களுக்காகக் கூடுவது. கண்காட்சி வேறு வகை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆம்ஹர்ஸ்ட் ரயில்வே சங்கம் ஜனவரிக் குளிரில் நடத்தும் கண்காட்சிக்கு இரண்டு நாளில் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். டிக்கெட் வாங்கிக் குழந்தையோடு வருகிறவருக்கு லைன் கிளியரைப் பற்றி என்ன கவலை? ரயில் ஓடவேண்டும். இரண்டு நிமிஷம் எதுவும் அசையாவிட்டால் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். ஷன்டிங் செய்கிறவருக்கோ அந்த இரண்டு நிமிஷ மௌனம்தான் ரயில்வே.

இந்த இழுபறிக்கு இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வட்டமடிக்கும் என்-ட்ராக் பாதை கண்காட்சியில் ஜெயிப்பது இதனால்தான்: மூன்று பாதையிலும் மூன்று நீண்ட ரயில்களை விட்டுவிட்டு, நடத்துகிறவர்கள் வந்தவர்களோடு பேசலாம். உயரத்திலும் இதே சண்டை. 1.3 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாதையில், பெரியவர் கண்ணுக்கு ரயில் பக்கவாட்டில் நிஜமாகத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பலகையின் அடிப்பக்க ஒயர் தெரியும். முக்காலி போட்டுவைக்கும் குழுக்களை எனக்குப் பிடிக்கும்.

■ ஸ்டாம்ஃபோர்டில் ஓர் இரவு

2019 மே மாதம். இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டில் ஒரு பள்ளியில், மார்க்கெட் டீப்பிங் மாடல் ரயில் கிளப் வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அமைத்துவிட்டுப் போனது. சனிக்கிழமை காலை கண்காட்சி. விடியற்காலையில் கதவைத் திறந்தவர்கள் பார்த்தது உடைந்து மிதிபட்ட குவியலை. இரவில் புகுந்த நான்கு பதின்வயதுப் பையன்களைப் போலீஸ் பிடித்தது. போனதில் சில, இருபது வருஷத்துக்கு மேல் கட்டியவை.

கிளப் 500 பவுண்டு திரட்ட நினைத்து வேண்டுகோள் விடுத்தது. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வந்து குவிந்தது. பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டும் 10,000 பவுண்டு தந்தார். அவரும் இருபது வருஷத்துக்கு மேலாக ஓர் அமெரிக்க நகரத்தைத் தம் வீட்டில் கட்டிவந்தவர்; அதே ஆண்டின் இறுதியில் அதன் படங்கள் ஒரு மாடல் ரயில் பத்திரிகையில் வெளியாயின. பணம் கொடுத்த பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் ஒரு தண்டவாளம்கூட ஒட்டியிருக்கமாட்டார்கள். ஒருவர் இருபது வருஷம் உட்கார்ந்து செய்த வேலை என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் பணத்தால் தீராத பிரச்சினை வேறு. பர்மிங்ஹாமின் என்.இ.சி. அரங்கில் 1993 முதல் வார்லி கிளப் நடத்திவந்த தேசியக் கண்காட்சி, பிரிட்டனிலேயே பெரியவற்றில் ஒன்று. 2023 நவம்பரில் நடந்ததே கடைசி. கூட்டம் வராததால் நின்றுபோனது அல்ல. நடத்த ஆள் போதவில்லை. அடுத்த ஜனவரியில், 1946 முதல் இயங்கிவந்த ஹேட்டன்ஸ் மாடல் கடையும் மூடப்போவதாக அறிவித்தது. வேனில் பலகை ஏற்றி இறக்க முதுகு வேண்டும். அறுபது, எழுபது வயதுக்காரர்களை நம்பி ஒரு மண்டபத்தை எத்தனை காலம் நிரப்ப முடியும்?

┌ பெட்டிச் செய்தி: பெரியதும் நீளமானதும்

ஹாம்பர்க் மினியேச்சர் வுண்டர்லாந்து: பிரெடெரிக், கெரிட் பிரவுன் என்ற இரட்டையர் தொடங்கியது. 2001 ஆகஸ்ட் 16-ல் திறப்பு. ஹெச்.ஓ அளவு. 1,000-க்கும் மேற்பட்ட ரயில்கள். இது கழற்றி எடுத்துச்செல்லும் வகை அல்ல, நிரந்தர அரங்கு.

பார்ன்ஸ்டேபிள்–பிடிஃபர்ட்: தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜேம்ஸ் மே, பழைய ரயில்பாதைத் தடத்தில் சுமார் பத்து மைல் பொம்மைத் தண்டவாளம் போட்டார். 2009-ல் ரயில் ஊர் போய்ச்சேரவில்லை. 2011-ல் சேர்ந்தது.

ஃபோர்ட் வில்லியம்–இன்வர்னஸ்: தொண்டர்கள் ஸ்காட்லாந்தின் மலைவழியில் 71 மைல் பாதை போட்டு ஒரு சிறு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். 2018 ஜனவரியில் தொலைக்காட்சியில் வந்தது.
└

■ டோக்கியோவின் பள்ளிக்கூடப் பலகைகள்

பிரிட்டன் கைவிரிக்கும் இடத்தில் ஜப்பான் வேறு வழியில் போகிறது. 2009 முதல் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தேசிய அளவில் மாடல் ரயில் போட்டி நடக்கிறது. கோடை விடுமுறையில், டோக்கியோவில். நேர்ப்பலகை 900 மில்லிமீட்டருக்கு 300 மில்லிமீட்டர். என் அளவு. பள்ளியின் ரயில் மன்றத்துப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அதில் ஓர் இடத்தைக் கட்டுகிறார்கள்: கடலோரப் பாலம், தங்கள் ஊர்க் கடைவீதி, மூடப்பட்ட கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். போட்டி அரங்கில் எல்லாப் பள்ளிகளின் பலகைகளையும் கோத்து அதன்மேல் ரயில் விடுகிறார்கள். தனித்தனியாக மதிப்பெண் உண்டு. ஆனால் ரயில் எல்லோர் பலகையையும் கடந்தாகவேண்டும். பக்கத்துப் பள்ளி சொதப்பினால் நம் பலகைக்கு ரயில் வராது. போட்டியும் கூட்டு வேலையும் ஒன்றாக அமைந்த இப்படி ஒரு பள்ளிப் போட்டியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

டி-ட்ராக் என்ற மேசைமேல் முறையும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். 2000-ல் டோக்கியோவில் கண்ட யோசனையை லீ மொனாக்கோ-ஃபிட்ஸ்ஜெரால்ட் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார். ஒரு பலகை ஓர் அடி நீளம்தான். கேட்டோ நிறுவனத்தின் தண்டவாளம், ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும். கால் கிடையாது, எந்த மேசையிலும் வைக்கலாம். போல்ட், நட்டு, வேன் எதுவும் வேண்டாம். பையில் இரண்டு பலகையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம். முதுகுவலிக்காரருக்கும் பத்து வயதுப் பெண்ணுக்கும் ஒரே தீர்வு.

■ நம் ஊருக்கு எந்த அளவு?

நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே மண் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடியில் குளம் வைத்து, சாவி ரயிலைச் சுற்றவிடுகிற பழக்கம் நம் வீடுகளில் பல தலைமுறையாக உண்டு. புனேயில் ஜோஷி குடும்பத்தின் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இயங்குகிறது. ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஃபிளாட்டில் வசிக்கும் சென்னைக்காரருக்கு ஓரடிப் பலகை ஒன்றும் பாரமல்ல. தடையாக நிற்பது ஓர் எண்.

நம் அகலப்பாதை 1,676 மி.மீ. உலகின் பெரும்பகுதியில் 1,435. ஹெச்.ஓ தண்டவாளத்தின் 16.5 மி.மீ. அந்த 1,435-க்குச் செய்த கணக்கு. நம் பாதைக்கு 19.3 மி.மீ. வேண்டும். என் அளவில் 9-க்குப் பதில் 10.5. கறாராக இருக்கிற இந்திய மாடல்காரர் தண்டவாளம், பாயிண்ட், சக்கர அச்சு எல்லாவற்றையும் கையால் செய்யவேண்டும். செய்தால் அவருடைய ரயில் அவர் வீட்டைத் தாண்டாது.

பிரிட்டன்காரர்கள் இதே சங்கடத்தில் இருந்தவர்கள். அவர்களுடைய ஓ.ஓ. ரயில்பெட்டி 76-ல் ஒரு பங்கு, ஓடுவதோ 16.5 மி.மீ. தண்டவாளத்தில். நிஜத்தைவிடக் குறுகல்தான். ஜப்பானில் 1,067 மி.மீ. பாதையில் ஓடும் ரயில்களை 150-ல் ஒரு பங்காகச் செய்து அதே 9 மி.மீ. தண்டவாளத்தில் விடுகிறார்கள். அங்கே பிழை எதிர்ப்பக்கம்: பாதை அகலம். இரண்டு நாட்டிலும் துல்லியத்துக்காகத் தனிப்பாதை போட்டவர்கள் இன்றும் உண்டு, அவர்கள் வேலை அற்புதமானது. பெரும்பான்மையோர் பிழையை ஏற்றுக்கொண்டு பொதுத் தண்டவாளத்தில் சேர்ந்தார்கள். அதனால்தான் டோக்கியோவில் அத்தனை பள்ளிகளின் பலகைகள் கோக்கப்படுகின்றன.

இந்தியாவிலும் அதைத்தான் செய்யவேண்டும் என்பேன். 9 மி.மீ. தண்டவாளம், டி-ட்ராக் ஓரம். பெட்டியின் நிறமும் ஜன்னல் கம்பியும் பெயர்ப்பலகையின் மூன்று மொழியும் சரியாக இருக்கட்டும். பாதை ஒன்றரை மில்லிமீட்டர் குறுகினால் போகட்டும். ஒரு பள்ளி அரக்கோணம் ஜங்ஷனையும் இன்னொரு பள்ளி குன்னூர் ஸ்டேஷனையும் செய்துகொண்டு வந்து ஒரே மேசையில் சேர்ப்பதற்கு வேறு எந்த அனுமதியும் தேவையில்லை.